சாமி கண்ணைக் குத்தும்

எங்கள் வீட்டில் கற்பூரம் கொளுத்துவதற்கு ஒரு புரொசீஜர் இருந்தது. முதலில் கதிரையில் ஏறி, சீலிங்கில் இருக்கும் ஸ்மோக் அலாரத்துக்கு அம்மாவின் ஷவர் தொப்பியை மாட்ட வேண்டும். பிறகுதான் பக்தி. கடல் கடந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, பாதர்ஸ்ட் வீதியில், ஒன்பதாம் மாடியில் குடியிருக்கும் முருகனுக்கு வேறு வழியில்லை. அவருடைய கோவிலே எங்கள் கோட்டுகள் தொங்கும் குளொசெட்தான்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, வன்னியில் ஷெல் விழுந்து சித்தப்பா செத்துப்போனார் என்று போன் வந்தது. தம்பி உயிரோடு தப்பினால் காவடி எடுப்பதாக அப்பா நேர்ந்திருந்தார். போனை வைத்துவிட்டுக் குளொசெட்டைத் திறந்தார். அழவில்லை. முருகன், பிள்ளையார், அம்மன் என்று எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்?" என்றார் அம்மா.

"இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டுதானே இருந்தவை. காணும், இனிப் பாக்கத் தேவையில்லை."

பொய் சொன்னாலே சாமி கண்ணைக் குத்தும் என்பது அம்மாவின் சட்டம். சாமியையே சுவரைப் பார்க்க வைத்த ஆளுக்கு என்ன நடக்கும்? அப்பா வேலைக்குப் பிறம்ரன் வரை ஹைவேயில் ஓட்டிப் போகிறவர். கண் இல்லாமல் எப்படி ஓட்டுவார்? தினமும் அவர் வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் ரெண்டு கண்ணையும் செக் பண்ணிவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை அப்பா வேலையில். அம்மா கீழே லோண்டரியில். அப்பாவுக்காக நானே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். படங்களைத் திருப்பப் பயம். முருகன் எந்த மூடில் இருக்கிறாரோ. அவருடைய முதுகுக்கே கற்பூரம் கொளுத்தினேன். ஷவர் தொப்பி மறந்துபோய்விட்டது.

அலாரம் கத்தியது. மேலே தொங்கிய கோட்டின் நுனி கருகத் தொடங்கியது. குத்து வரப்போகிறது என்று கண்ணைப் பொத்திக்கொண்டு அசையாமல் நின்றேன்.

அம்மா பூட்டாமல் போன கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் பக்கத்து வீட்டு அங்கிள். யூதர். சின்னப் பெடியனாக ஹிட்லரின் கேம்ப்பில் இருந்து தப்பியவர் என்று அம்மா சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த கேம்ப்பில் நீச்சல் பழக்குவார்கள். அவர் ஈரத் துவாயால் நெருப்பை அமத்தினார், ஜன்னலைத் திறந்தார். அலாரம் நின்ற பிறகும் துவாயைக் கையிலிருந்து விடவில்லை.

பிறகுதான் படங்களைக் கண்டார். அவர் பேசியது இங்கிலீஷ். என் ஞாபகத்தில் மட்டும் ஏனோ எங்கள் தமிழாகவே கேட்கிறது.

"உதுகளை ஆர் திருப்பினது?"

"அப்பா."

"ஆர் செத்தது?"

எப்படிக் கண்டுபிடித்தார் என்று திகைத்துப்போனேன். "சித்தப்பா" என்றேன். பிறகு, அவ்வளவு நாளும் ஒருவரிடமும் கேட்காததைக் கேட்டேன். "சாமி அப்பான்ர கண்ணைக் குத்துமா?"

அவர் மெல்ல முழந்தாளில் இறங்கி, கண்ணாடியைக் கழற்றினார்.

"கேம்ப்பில என்ர தங்கச்சியை அவங்கள் கொண்டுபோன நாளில இருந்து நானும் கடவுளோட கதைக்கிறேல்லை. வடிவாப் பார். ரெண்டும் இருக்கு."

கிட்டப் போய்ப் பார்த்தேன். சிவந்து, தண்ணீர் முட்டி, ரெண்டும் இருந்தன.

அன்று பின்னேரம் அப்பா கதவைத் திறந்ததுமே சொன்னேன். "பயப்பிடாதைங்கோ அப்பா. பக்கத்து வீட்டு அங்கிளுக்கும் குத்தேல்லை."

அப்பா ஒற்றை ஷூவோடு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ ஒரே நிம்மதி. கண் ரெண்டும் மிஞ்சுவது அதிர்ஷ்டம் என்றுதான் அப்போது நினைத்தேன்.