பெரட்டில் கூப்பிட்ட பெயர்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாடாங் செராயிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். அங்கிருந்த தமிழ்ப்பள்ளிக்கு நான் ஒருவன்தான் வாத்தியார். வயது இருபத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை, சொந்தபந்தம் பக்கத்தில் இல்லை, திமிர் மட்டும் நிறைய இருந்தது.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதக் காரணம் என் மகள். பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறாள். ஊழியர்களின் பணக் கஷ்டம், மனக் கஷ்டம் இரண்டையும் கவனிக்க அங்கே ஒரு குழு அமைத்திருக்கிறார்களாம், அதில் அவளும் இருக்கிறாளாம். "உங்க காலத்துல வாத்தியாருங்கள யாருப்பா பார்த்தா? யாரும் இல்லதானே லா?" என்று கேட்டாள். ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது என் சம்பளமும் அவரோடு போய்விட்டது. எப்போதாவது ஆபீஸில் வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு கொடுப்பார்கள். அதைக் கண்டாலே கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அரிசி கிடைத்தது பெரட்டில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும்தான். பெரட்டு என்றால், விடிகாலையில் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. வாத்தியாருக்கு ஏது பெரட்டு? அதனால் அரிசியும் இல்லை.

மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று கால் வீங்கிவிட்டது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் கண் இருட்டும். பெற்றோர்கள் பிள்ளைகளிடம் கீரையோ கிழங்கோ கொடுத்தனுப்பினால், வீட்டில் நிறைய இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவேன். வீட்டில் உப்புகூட இருக்காது. வாத்தியார் கை நீட்டலாமா என்ற வீம்புதான். தூக்கம் போய்விட்டது. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பிள்ளைகள் போனபின் காலி வகுப்பில் உட்கார்ந்து எனக்கு நானே பேச ஆரம்பித்திருந்தேன். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று உண்மையாகவே பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் கரும்பலகை ஆணியில் ஒரு துணி முடிச்சு தொங்கியது. அவிழ்த்தால் அரிசி. அதன்பின் வாராவாரம் வந்தது. பெரட்டில் பெயர் கூப்பிடும் தோட்டத்துக் கங்காணியைக் கேட்டேன். மீசையும் தோளுமாகப் பெரிய ஆள். ஆனால் என்னிடம் பேசும்போது தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். "ஆபீஸ்ல வாத்தியாருக்குன்னு ஒதுக்கியிருக்காங்கய்யா" என்றார். ஆபீஸ் கொடுக்கிறது என்றால் அது எனக்கு உரியதுதானே? நன்றாகப் பொங்கித் தின்றேன்.

சில மாதம் கழித்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்னைக் கூப்பிட்டார். பெரட்டுப் புத்தகத்தைப் புதிதாக எழுதிக் கூலிமில் இருக்கும் ஜப்பான் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும், உங்கள் கையெழுத்து அழகாக இருக்கும், எழுதித் தாருங்கள் என்றார். பெருமையோடு உட்கார்ந்து எழுதினேன். நடுவில் ஒரு பெயரைக் கண்டு நிறுத்தினேன். இரண்டு மாதத்துக்கு முன் காய்ச்சலில் செத்துப்போன ரப்பர் பால்வெட்டுக்காரர் பெயர். என்ன இது என்று கங்காணியைக் கேட்டால், "அது கெடக்கட்டும், எழுதுங்கய்யா" என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். புருஷன் பங்கு மரத்தையும் அவர் மனைவியே சேர்த்து வெட்டி, பிள்ளைகளின் அரிசிக்காக அந்தப் பெயரை உயிரோடு வைத்திருக்கிறாள் என்று புரிந்தது. பாவம் என்று எழுதினேன்.

அடுத்த பக்கத்தில் என் பெயர் இருந்தது. பால்வெட்டுக்காரன் என்று போட்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. வாத்தியார் பயிற்சிக்கு நார்மல் கிளாஸ் படித்துப் பாஸ் செய்தவனைப் பால்வெட்டு உளி பிடிக்கிறவனாக எழுதிவிட்டார்களே! யாரையும் கேட்கவில்லை. புதுப் புத்தகத்தில் என் பெயரை எழுதாமலே விட்டேன். புத்தகம் அன்றே கூலிமுக்குப் போய்விட்டது.

மறுநாள் கங்காணியிடம் இதைச் சொல்லிச் சத்தம் போட்டேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, என்னங்கய்யா பண்ணிட்டீங்க? ஒங்க சோத்துக்குத்தானே அந்தப் பேரு. நாலு பொம்பளைங்க ஆளுக்குக் கொஞ்சம் மரம் அதிகமா வெட்டி ஒங்க கணக்குல பால ஊத்துறாங்க. சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு நாந்தான் ஆபீஸ்னு பொய் சொன்னேன்."

அவர் இன்னொன்றும் சொன்னார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், பெரட்டில் பெயர் இல்லாத ஆண்களைத்தான் முதலில் ஏற்றுகிறார்கள் என்று.

அன்றிலிருந்து லாரிச் சத்தம் கேட்டாலே ஜன்னலோரம் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். கிராணியிடம் ஓடினேன். புத்தகம் போய்விட்டது, இனி ஒரு தலைகூடக் கூட்ட முடியாது என்று கையை விரித்தார். ஓடலாம் என்றால் எங்கே ஓடுவது? சயாமுக்குப் போன ஆட்கள் யாரும் திரும்பவில்லை என்று பக்கத்துத் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லும்போது ஏழெட்டு எவ்வளவு என்று எனக்கே மறந்துபோயிற்று. ஆணியில் மட்டும் அரிசி முடிச்சு வந்துகொண்டிருந்தது, முன்னைவிடச் சின்னதாக.

ஒருநாள் சாயங்காலம் அந்தக் காய்ச்சலில் போனவரின் மனைவி பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிடுவேன். கையில் ஒரு பழைய சட்டை. ரப்பர் பால் காய்ந்து விறைப்பாக இருந்தது.

"நாளைக்கி லாரி வருதாம் வாத்தியாரே. வெள்ளச் சட்ட போடாதீங்க. இதப் போட்டுக்கிட்டுப் பெரட்டுக்கு வாங்க. கண்ணாடியக் கழட்டிடுங்க" என்றாள். சட்டையை என் கையில் திணித்துவிட்டு நடந்தாள். ஏனென்று கேட்கும் தெம்பும் எனக்கு இல்லை.

காலையில் பெரட்டுக் களத்தில் நின்றேன். கண்ணாடி இல்லாததால் எல்லாம் மங்கல். லாரி ஒரு கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. சிப்பாய்களின் பூட்ஸ் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. பெயர் கூப்பிடக் கூப்பிட, இருக்கேன் என்று சொல்லி ஒவ்வொருவராக வலப்பக்கம் போனார்கள். இடப்பக்கம் லாரி. நடுவில் நிற்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

கங்காணி அந்தச் செத்துப்போனவர் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். சிப்பாய் ஒருவன் திரும்பிப் பார்த்தான். யாரும் வராவிட்டால் அக்காவின் குட்டு உடைந்துவிடும், அவளை என்ன செய்வார்களோ என்று நான் பதறிக்கொண்டிருந்தபோது, முதுகில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

"ஒங்களத்தான். போங்க" என்றாள் அக்கா, உதடு அசையாமல்.

"இருக்கேன்" என்றேன். குரல் என்னுடையதாகவே இல்லை. இரண்டடி வைத்திருப்பேன், சிப்பாய் குறுக்கே வந்து என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தான். சாக்பீஸ் பிடித்த கை, பூப்போல இருந்தது. அவன் ஏதோ கத்தினான். அவ்வளவுதான், செத்தேன் என்று நினைத்தேன்.

அப்போது கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விழுந்தது. கங்காணி.

"டேய் சோம்பேறி நாயே! மாசக் கணக்கா காய்ச்சல்னு படுத்துக் கெடந்து கைய மெத்தையா வச்சிருக்கியே, கூப்பிட்டா காதும் கேக்காதா?" என்று இன்னோர் அறை வைத்துக் கழுத்தைப் பிடித்து வலப்பக்கம் தள்ளினார். மொழிபெயர்க்க வந்திருந்த துபாஷி சிரித்துக்கொண்டே அதைச் சிப்பாய்க்குச் சொன்னான். சிப்பாயும் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான். வாத்தியாரை ஒரு கங்காணி கைநீட்டி அடிப்பான் என்று அந்தத் தோட்டத்தில் கனவிலும் யாரும் நினைக்க மாட்டார்கள். அறை வாங்குகிறவன் கூலியாகத்தான் இருப்பான் என்று துபாஷி நம்பிவிட்டான், அதுதான் என்னைக் காப்பாற்றியது.

பெயர் வராமல் நடுவில் மிஞ்சியவர்களை ஏற்றிக்கொண்டு லாரி போனது. அவர்களில் இருவர்தான் பின்னால் திரும்பி வந்தார்கள். அந்த முகங்களை என்னால் மறக்க முடியவில்லை, மறக்கவும் கூடாது.

அன்று மத்தியானம் கங்காணி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலைத்துண்டு கக்கத்தில். பேச வாயெடுத்தவர் அழுதுவிட்டார். நானும் அழுதேன். இவ்வளவு பேர் இருக்க என்னை ஏன் காப்பாற்றினாய் என்று அவர் பின்னாலேயே வந்த அக்காவிடம் கேட்டேன். "எம் பொண்ணு வீட்டுக்கு வந்து பாடத்தச் சத்தமா படிச்சிக்கிட்டே இருப்பா. அவரு போனதுலேருந்து அந்தச் சத்தம் ஒண்ணுதான் எனக்குத் தெம்பு. நீங்க போயிட்டா அதுவும் போயிடும்ல" என்றாள்.

அதன்பின் சண்டை முடியும்வரை தினமும் அந்தப் பெயருக்கு இருக்கேன் சொன்னேன். அக்காவே உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். எத்தனையோ மரத்தைக் காயப்படுத்தினேன். பத்து மணிவரை பால்வெட்டு, பிறகு பள்ளிக்கூடம். கால் வீக்கம் வற்றியது, தூக்கமும் திரும்பி வந்தது.

வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் பெரட்டுக்குப் புதுப் புத்தகம் போட்டார்கள். என்னை வாத்தியார் என்று தனியாக எழுதினார்கள். முதல் நாள் பெரட்டில் கங்காணி, புத்தகத்தில் இனி இல்லாத அக்கா புருஷன் பெயரைத் தாண்டி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். புருஷன் செத்த அன்றுகூட விஷயம் ஜப்பான்காரனுக்குத் தெரிந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்த அக்கா, அன்றுதான் களத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எல்லாரும் வேலைக்குப் போகாமல் சுற்றி நின்றோம்.

இன்றைக்கும் யாராவது எனக்கென்று ஒரு பிடி கீரை கொண்டுவந்தால்கூட இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன். வேண்டாம் என்று சொல்ல நினைக்கும்போதெல்லாம், ஒரு செத்த மனிதரின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் பெயருக்கு இருக்கேன் சொல்லி, அவர் விட்டுப்போன மிச்ச ஆயுளைத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு வந்து என் வாயை அடைத்துவிடுகிறது.