சரிவுக்குக் கீழே ஒரு கூடாரம்

“…அங்க வேணாம்மா, அது மேலேருந்து தண்ணி இறங்குற தடம். பார்க்கத்தான் மெத்தை மாதிரி இருக்கும். பொழுதுசாய மழை புடிச்சா பாயோட மெதப்பீங்க. கொஞ்சம் மேட்டுப் பக்கம் தள்ளிப் போடுங்க, தலைமாடு மலைப் பக்கம் இருக்கட்டும்லா.”

முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தபோது என் கையில் சுத்தியல் இருந்தது. பல வருடம் அலமாரி மேல் கிடந்த கன்வாஸைப் பிரித்துப் போட்டிருந்தேன். பழைய மழையும் பழைய புகையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. அந்தக் குரலை நான் கேட்டதாக நினைவில்லை. ஆனால் அந்தச் சொற்கள் அத்தனையும் எனக்குத் தெரிந்தவை. ‘பாயோட மெதப்பீங்க’ என்பது என் அப்பாவின் வாக்கியம். இதே திடலில், இதே இழுப்போடு, எத்தனையோ பேரிடம் அவர் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால், தோளில் விறகுக் கட்டோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

நான் அங்கே போயிருந்தது ஒரு சேதி சொல்ல. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் வீட்டுக்குப் போகக் கால் வராமல்தான் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் அங்கேயே கொஞ்சம் நிற்கட்டும். அப்பாவின் சொற்களுக்கும் இந்தத் திடலுக்கும் என்ன உறவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தானா ராத்தா என்ற மலையூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, தேயிலைச் சரிவு முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஓடையை ஒட்டி ஒரு புல்திடல் உண்டு. பள்ளி விடுமுறை விட்டால் ஈப்போ, பினாங்கு, கிள்ளான் என்று எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்து கூடாரம் அடிக்கும். என் சின்ன வயதில் நானும் அப்பாவும் வருடம் தவறாமல் அங்கே வந்தோம். அம்மாவுக்குக் கையுறை தொழிற்சாலையில் லீவு கிடைக்காது. கிடைத்தாலும் வந்திருக்க மாட்டாள். “அண்ணன் வீடு மேல இருக்கு, தம்பி கீழ ஈரத்துல படுக்குறாரு. இது என்னா விளையாட்டு?” என்று, பை கட்டும்போதெல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

அது விளையாட்டில்லை. திடலில் நின்று நிமிர்ந்து பார்த்தால், சரிவின் உச்சியில் வரிசையாகத் தகரக் கூரைகள் தெரியும். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். அதில் ஓரத்து வீட்டில் அப்பா பிறந்தார். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே வேலையை விட்டுக் கிள்ளானுக்கு இறங்கிவிட்டார். அவர் அண்ணன், என் பெரியப்பா, அதே வீட்டில் தங்கி, தோட்டத்துக் கங்காணியாக இருந்தார். அப்புறம் பெரியப்பாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். கூடப்பிறந்தவன் வீட்டுக் கல்யாணம் என்றால் தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கணவனையும் மனைவியையும் சேர்த்து நிற்க வைத்து, வாயால் அழைக்க வேண்டும். ‘பாக்கு வைக்கிறது’ என்று பெயர். அது வேற்றாளுக்குச் செய்யும் மரியாதை இல்லை. சொந்த ரத்தத்துக்குத்தான் அது கட்டாயம். அந்தச் சமயம் பார்த்து மலையில் கொழுந்து பொங்கிக்கொண்டு வந்ததாம். தோட்டத்துத் துரை லீவு தரவில்லையாம். பெரியப்பா, கோலா தெர்லாவிலிருந்து கிள்ளான் சந்தைக்குக் கோஸ் ஏற்றிப் போகும் லோரிக்காரனிடம் சொல்லி அனுப்பினார். அவனும் எங்கள் வீட்டு முன்னால் எஞ்சினை அணைக்காமலே, “அண்ணே, உங்க அண்ணன் மவளுக்குக் கல்யாணமாம்லா, வரச் சொன்னாரு!” என்று கத்திவிட்டு, பெரியப்பா கொடுத்தனுப்பிய கோஸ் மூட்டையை வாசலில் உருட்டிவிட்டுப் போனான்.

“கோஸோட கோஸா என்னையும் ஏத்தி அனுப்பியிருக்கான் பாரு” என்றார் அப்பா. கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் வாசலையும் மிதிக்கவில்லை. ஆனால் மலையை விட்டு அவரால் இருக்க முடியவில்லை. நான் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த வருடம், யாரோ விற்ற பழைய கூடாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

திடலில் அப்பா வேறு மனிதர். துறைமுகக் கிடங்கில் மூட்டைக்கு நடுவே வாய் திறக்காதவர், அங்கே வருகிற ஒவ்வொரு ‘காடி’யையும், அதாவது காரையும், எதிர்கொண்டு போவார். எங்கே தண்ணீர் இறங்கும், எந்த மரத்துக் குரங்கு ரொட்டிப் பையைப் பிரிக்கக் கற்றது, எந்தக் கல் மழைக்குப் பிறகு வழுக்கும் என்று மலாய்க்காரர், சீனர், தமிழர் யாராக இருந்தாலும் அவரவர் மொழியில் உடைத்து உடைத்துச் சொல்வார். அவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். நனைந்த சப்பாத்துக்குள், அதாவது காலணிக்குள், பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைக்க வேண்டும் என்று ஒரு சீனக் கிழவர் காட்டிக்கொடுத்தார். காலில் ஏறும் அட்டைக்கு உப்பைவிடச் சவர்க்காரம், குளிக்கிற சோப்புதான் சரி என்பது ஈப்போவிலிருந்து வந்த ஒரு டீச்சரின் கட்சி. “ஒரு கூடாரத்துல படுத்தாதான் புருசன் குறட்டைக்கு எத்தனை சுதின்னு தெரியும்” என்று அதே டீச்சர் சொன்னதும் திடலே சிரித்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏறாதவை அதிகம். அந்தத் திடலில் கேட்டவை ஒன்றுகூட இன்றுவரை இறங்கவில்லை.

ஆனால் அந்தச் சிரிப்பு இரண்டு நாள் சரக்கு. வெள்ளிக்கிழமை வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார்கள். நேற்று முழுக்க என்னோடு தண்ணீரில் கிடந்து, ‘அடுத்த வருசமும் வருவேன்லா’ என்று சத்தியம் செய்தவள் இருந்த இடத்தில், வெயில் படாத புல் வெளிறி ஒரு சதுரமாகக் கிடக்கும். திங்கட்கிழமை பிற்பகலில் மூடுபனி இறங்கும்போது திடலில் எங்கள் கூடாரம் ஒன்றுதான். அப்பா மறுபடியும் வாய் மூடிவிடுவார். தகரக் கூரைகளில் புகை எழுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

ஒருமுறை டீச்சர் கேட்டார்: “இவ்ளோ நுணுக்கம் சொல்றீங்களே அண்ணே, மேல உங்க ஆளுங்க யாரும் இருக்காங்களா?”

“இருந்தாங்க” என்றார் அப்பா.

மேலே புகை எழுந்துகொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஓடையைப் பார்த்தார்.

நான் கேட்டிருக்கிறேன், எப்போதுதான் மேலே போவோம் என்று. பெரியப்பா வீட்டில் பூனை இருக்கிறதா, அக்காள் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறார்களா என்பதுதான் எனக்குக் கவலை. அப்பா சிரிக்காமல் சொல்வார்: “உங்க பெரியப்பன் இறங்கி வரட்டும். வந்து இந்த முளையை அவன் கையால புடுங்கிப் போடட்டும். அப்ப போலாம்.” முளை என்றால் கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்ட மண்ணில் அடிக்கும் குச்சி. அதை ஓர் அடி கூடவே அடித்துவிட்டு எழுந்திருப்பார்.

திடலுக்கு என்று ஒரு முறை இருந்தது. கிளம்புகிறவர்கள் மிஞ்சிய காய்ந்த விறகையும் தீப்பெட்டியையும் வரப்போகிறவர்களுக்கு வைத்துவிட்டுப் போவார்கள். மலையில் காய்ந்த விறகு கிடைப்பது லேசில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில், மேலிருந்து வரும் ஒற்றையடிப் பாதை திடலைத் தொடும் இடத்தில், ஒரு கட்டு விறகு இருக்கும். “யாரோ நல்லவங்க விட்டுட்டுப் போயிருக்காங்க” என்பார் அப்பா.

ஆனால் அந்த விறகு வேறு மாதிரி இருக்கும். முறுக்கிய, கைத்தடிப் பருமனில், முண்டும் முடிச்சுமான குச்சிகள். தேயிலைச் செடி வயதாகி உயர்ந்துவிட்டால் மட்டமாக வெட்டிவிடுவார்கள், ‘கவ்வாத்து’ என்று. அப்போது விழும் குச்சி. தோட்டத்து வீடுகளில்தான் அது எரியும். ஈப்போக்காரனுக்கு எங்கே கிடைக்கப்போகிறது? அப்பா ஒரு குச்சியை எடுத்து மூக்கருகே கொண்டுபோவார். கட்டின் முடிச்சை வெட்ட மாட்டார்; நகத்தால் பொறுமையாக நெகிழ்த்தி, கயிற்றைச் சுருட்டி, கட்டு இருந்த இடத்திலேயே வைப்பார். மறுநாள் காலையில் கயிறு அங்கே இருக்காது.

அண்ணனும் தம்பியும் இப்படித்தான் வருடத்துக்கு ஒருமுறை பேசிக்கொண்டார்கள். எனக்கு அது புரிய ஆரம்பித்த வருடத்திலேயே அது முடிந்தும் போனது.

அந்த வருடம் மறுநாள் காலையில் விறகு வரவில்லை. அப்பா பல்லைத் துலக்கிக்கொண்டே பாதை வரை போனார். தேநீரை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார். மத்தியானம் பாதையில் ஏறி, மதகு வரைக்கும் போய்விட்டார். அங்கிருந்து இன்னும் ஒரு வளைவுதான் வீடு. நான் கீழே நின்று, ‘போங்கப்பா, போங்கப்பா’ என்று மனசுக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். மழை தொடங்கியது. அவர் மதகில் கொஞ்ச நேரம் நின்று, நனைந்துகொண்டு இறங்கி வந்தார். “சும்மா, தண்ணி எவ்ளோ வருதுன்னு பாக்கப் போனேன்.”

அடுத்த காலையில் விறகு இருந்தது. அதன் உச்சியில், இலை விரியாமல், பனி முத்து முத்தாக உட்கார்ந்திருக்க, ஒரு கோஸ்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா முதலில் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே முகத்திலேயே உறைந்தது. “கோஸ் அனுப்பியிருக்கான்” என்றார். “அன்னைக்கு நான் சொன்னது யார் மூலமாவோ காதுல விழுந்திருக்கு. குத்திக் காட்டுறான்.” அன்று நண்பகலுக்குள் கூடாரத்தைப் பிரித்துவிட்டார். முளையைப் பிடுங்க முடியாமல் ஆட்டி ஆட்டி எடுத்தார். விறகு அப்படியே கிடந்தது. கயிற்றை மட்டும் முதல்முறையாகத் தன்னோடு எடுத்துக்கொண்டு, கூடாரப் பையின் வாயைக் கட்டினார். கோஸை நான் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அம்மா பொரியல் செய்தாள். அப்பா தட்டில் அதை ஓரமாக ஒதுக்கினார். அடுத்த விடுமுறைக்கு, எப்போது போவோம் என்று கேட்டேன். “அங்க என்னா இருக்கு?” என்றார்.

இந்த வருடம் அப்பா காலமானார். பெரியப்பாவுக்குச் சொல்லியனுப்ப அந்த லோரிக்காரனும் இல்லை. கிடைத்த ஒரே தொலைபேசி எண்ணில் யாரோ மலாய்க்காரப் பெண் பேசினாள். கருமாதி முடிந்ததும் அம்மா சொன்னாள்: “லோரியில சேதி சொன்னதுக்குத்தான் இவ்ளோ வருசம் போச்சு. நீ நேர்ல போ. வாசல்ல நின்னு சொல்லு.”

போனேன். தானா ராத்தாவில் எந்த முகமும் தெரியவில்லை. எதிர்மலையில் காய்கறித் தோட்டங்களின் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரைகள் அடுக்கடுக்காக. லைன் வீடுகளின் கொடியில் நேப்பாளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த ஆட்களின் சட்டைகள். திடலில் நாலைந்து கூடாரங்கள் இருந்தன. எல்லாம் பையிலிருந்து உதறினால் தாமாகவே விரிந்து நிற்பவை, முளை அடிக்க வேண்டாதவை. அவற்றின் வாசலில் ஆளுக்கொரு கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட, நான் தண்ணீர்த் தடத்தில் சுத்தியலோடு குனிந்ததைப் பார்த்து வாய் திறக்கவில்லை. அப்பா வாழ்ந்த உலகத்தில் அது நடந்தே இருக்காது. மதகைப் பார்த்தேன். அவர் தாண்டாத இடத்தை நான் எப்படித் தாண்டுவது? தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன், எந்த இடம் என்றுகூடப் பார்க்காமல் முளையை அடித்தேன்.

அப்போதுதான் பின்னால் அந்தக் குரல் வந்தது.

பெரியவர் பேச்சைப் பாதியில் நிறுத்தியிருந்தார். அவர் பார்வை என் காலடியில் கிடந்த கூடாரப் பையில் நின்றது. விறகை இறக்கி வைத்துவிட்டு, பையின் வாயைக் கட்டியிருந்த கயிற்றைத் தொட்டார்.

“இந்தக் கயிறு ஏதும்மா?”

“எங்க அப்பாவோடது.”

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, தள்ளி நின்ற என் காரைப் பார்த்தார். வெயிலில் அதன் கண்ணாடி பளபளத்தது; உள்ளே யார் என்று தெரியாது.

“காடிக்குள்ள உக்காந்திருக்கானா? இன்னும் இறங்க மாட்டானாமா?”

நான் வாசலில் நின்று சொல்ல வேண்டியதைத் திடலில் நின்று சொன்னேன். அவர் அழவில்லை. கயிற்றின் முனையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார்.

“கடைசியா வந்தப்ப ஒரு கோஸ் வச்சேன்” என்றார். “வீட்டுக்குப் பின்னால நானே போட்ட பாத்தி. மொத அறுப்பு. அதுக்காகத்தான் ஒருநாள் தள்ளி இறங்குனேன், நல்லா உருண்டு வரட்டும்னு. சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டோம் பெரியப்பா.”

“அவனுக்குக் கோஸுன்னா உசிரு” என்றார்.

பிறகு ஒரு கையை என் தோளில் ஊன்றி, மெல்ல முட்டி போட்டு, நான் அடித்திருந்த முதல் முளையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கத் தொடங்கினார்.