சவர்க்காரச் சிலுவை

தன்னாமுனையில் எங்கள் வீட்டு ரேடியோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊமையானது. அன்று பின்னேரம்தான் அக்கா முதன்முதலாக வானொலியில் பாட இருந்தாள். தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனவள் அவள். அதிலிருந்து அப்பா அவள் பெயரையே எடுப்பதில்லை. அம்மாவுக்கோ அவள் குரலையாவது கேட்டுவிட வேண்டும்.

பற்றரி புதியது. அப்பா தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு யாருடைய தோணி மோட்டரையோ பார்க்க வாவிக்கரைக்குப் போய்விட்டார். அம்மா தன் தம்பியைக் கூப்பிட்டாள். சைக்கிள் திருத்துகிற மாமா, தட்டை நுனி ஸ்குரூ ட்ரைவரோடு வந்தார். எங்களுடையது யப்பான் ரேடியோ. திருகாணித் தலைகளில் கோட்டுக்குப் பதில் சிலுவை வெட்டியிருந்தது. தட்டை நுனி வழுக்கி மாமாவின் கட்டைவிரலைத்தான் கிழித்தது.

“சிலுவை போட்ட ஆணி, ஞாயித்துக்கிழமையில கழறுமா புள்ள?” என்றார் என்னிடம். இன்னொருமுறை வழுக்கினால் தலை தேய்ந்துவிடும், மறுகா ஒருவராலும் திறக்க முடியாது என்று அம்மாவிடம் கைவிரித்தார்.

சிலுவை நுனி ஸ்குரூ ட்ரைவர்காரர்கள், அப்பா அன்று கொட்டிலிலேயே விட்டுப்போயிருந்த மோட்டர்ச் சாமான் பெட்டியில் இருந்தார்கள். பெட்டியைத் தொட்டால் அடி நிச்சயம். ஒன்றை மட்டும் உருவி வரலாம், அதுவும் சரியான அளவாக இருக்க வேண்டும். நான் குளிக்கிற ஈரச் சவர்க்காரக் கட்டியை ஆணித் தலையில் அழுத்தி எடுத்தேன். குட்டிச் சிலுவை ஒன்று புடைத்துக்கொண்டு வந்தது. கொட்டிலுக்கு ஓடி ஒவ்வொரு நுனியோடும் அதை வைத்துப் பார்த்தேன். ஒன்று தடியன், ஒன்று ஊசி. நடுவிலிருந்தது சிலுவையின் கூடப்பிறந்ததேதான்.

அழுத்தித் திருப்பினேன். ஆணி மறுபேச்சில்லாமல் சுழன்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

உள்ளே பற்றரிக் கம்பி அறுந்திருக்கவில்லை. கழற்றி, அழகாகச் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. யப்பான்காரனின் சுத்தத்தை நான் மெச்சினேன். மாமா கம்பியைப் பார்த்தார், என் கையிலிருந்த ஸ்குரூ ட்ரைவரைப் பார்த்தார், பிறகு மாட்டிவிட்டார்.

அக்கா பாடினாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். கொழும்பிலிருந்து அவளை நானே தூக்கி வந்து வீட்டில் விட்டதுபோல் நான் வளவு முழுக்கக் குதித்தேன். அப்போதுதான் வாசல் படலையடியில் அப்பா நிற்பதைக் கண்டேன். பாட்டு முடியும்வரை அவர் உள்ளே வரவில்லை.

அடியை மறந்து ஓடிப்போய்ச் சொன்னேன்:

“அப்பா, உங்கட ஸ்குரூ ட்ரைவர்தான் அளவா இருந்திச்சி.”

அவர் என் தலையில் கை வைத்தார்.

“ஓம் மகள், எனக்குத் தெரியும்.”

எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவே இல்லை.