குளத்தின் அடியில் போட்ட சிமெண்ட்

என் கையெழுத்து மோசம். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு மண்வெட்டியும் கம்பிப்பாரையும் பிடித்துக் காய்த்த கை இது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கிணறு வெட்டுகிறவன். கேரள எல்லைக்குள், பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் எங்கள் ஊர். எங்கள் பக்கத்தில் கிணற்றின் ஆழத்தைத் தொடிக் கணக்கில் சொல்வோம். சுற்றிலும் ஒரு வளையமாக மண்ணைச் செதுக்கி இறங்கினால் அது ஒரு தொடி. நான் வேலை பழகிய காலத்தில் பத்துத் தொடியில் தண்ணீர் காலில் படும். தொண்ணூறு பிறந்த பிறகு அந்தக் கணக்கு நிற்கவில்லை. வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை நாலு நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். ஐப்பசியில் வரும் துலாம் மழை சில வருஷம் இடியோடு சரி. தை முடியும் முன்பே வீட்டுக்கு ஆள் வந்துவிடும், இன்னும் ஒரு தொடி இறக்கித் தா என்று கேட்டு.

எனக்கு ஓர் அக்கா. அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு, ஊர்க் குளத்துக்குக் கீழே இருந்த இருபது சென்ட் பூமியில் வெற்றிலைக்கொடி போட்டுப் பிழைத்து வந்தாள். வெற்றிலைக்குக் கோடையில் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். ஒரு நாள் தவறினால் இலை வாடும், மூன்று நாள் தவறினால் கொடி சாகும். அவளுக்கு அந்தத் தோட்டமும் அதன் நடுவில் ஒரு கிணறும்தான் உண்டு. அந்தக் கிணறு நான் வெட்டியது.

அந்தக் கிணற்றுக்குள் இறங்கினால் குளம் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். குளத்துப் பக்கத்துச் சுவர் மட்டும் எப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கும். ஊற்று அங்கிருந்துதான் உடையும். கீழ்ப்பக்கத்து வீட்டுக் கிணறுகள் எல்லாமே அப்படித்தான். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தொண்ணூற்றேழில் சர்க்காரிடமிருந்து பஞ்சாயத்துக்கு நேரடியாகப் பணம் வந்தது. எதற்குச் செலவழிப்பது என்று ஜனங்களே கூடித் தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கிராமசபை கூடியது. நான் கடைசி பெஞ்சில் போய் ஒடுங்கினேன்.

பஞ்சாயத்து ஓவர்சீயர் கரும்பலகையில் குளத்தை வரைந்து மலையாளத்தில் விளக்கினார். மழை பழையபடி இல்லை, இனி வறட்சி கூடத்தான் செய்யும், பெய்கிற மழையைப் பிடித்து வைப்பதுதான் புத்தி என்றார். அதுவரைக்கும் அவர் சொன்னது சரி. பிறகு, குளத்தின் அடி வழியாகத் தண்ணீர் மண்ணுக்குள் போய் வீணாகிறது, ஆகவே தூர் வாரி, சுற்றிலும் கல் கட்டி, அடியில் கனமாகச் சிமெண்ட் போட்டுவிடலாம் என்றார்.

முன்னால் இருந்த ஒரு மூப்பர், "கொளத்துக்கு சிமெண்டுல கோமணமாக்கும் கெட்டப்போறிய, இல்லியா சாரே?" என்றார்.

"கெட்டினாத்தான், மூப்பிலே, மானம் நிக்கும்" என்றார் வார்டு மெம்பர். எல்லாரும் சிரித்தார்கள். ஓவர்சீயரும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீணாகிறது என்று அவர் சொன்ன தண்ணீர்தான் எங்கள் கிணறுகளின் ஊற்று. எழுந்து அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி எழும்பவும் செய்தேன். அதற்குள் வேறொருவர் ரோட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். படித்தவர் வரைந்து காட்டியிருக்கிறார், நாலாம் வகுப்புக்காரன் என்ன சொல்ல என்று உட்கார்ந்துவிட்டேன். கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கவில்லை, எதிர்த்தும் சொல்லவில்லை. அக்கா பெண்கள் வரிசையில் இருந்து கை தூக்கினாள்.

அந்தக் கோடையிலேயே வேலை முடிந்தது. மழைக்குக் குளம் நிரம்பியது. அடுத்த மாசியிலும் தளும்பிக் கிடந்தது. மாசி மாசத்தில் குளத்தில் தண்ணீர் நின்றதை அதற்கு முன் நாங்கள் யாரும் கண்டதில்லை. பக்கத்துச் செங்கல் ஊரில் இருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதே மாசியில் கீழ்ப்பக்கத்துக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின.

அந்த வருஷம்போல் எனக்கு வேலை கிடைத்ததே இல்லை. விடியும் முன்பே முற்றத்தில் ஆள் நிற்கும். சோறு போட்டு, கூலிக்கு மேலும் தந்தார்கள். எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை.

குளத்தில் தண்ணீர் இருக்கிறதே, எடுத்தால் என்ன என்று கேட்கலாம். எடுத்தார்கள். மோட்டாரும் குழாயும் வாங்க வசதி உள்ள மூன்று பேர் கரையில் மோட்டார் வைத்து, மேட்டில் ஏத்தன் வாழைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். முன்பு குளம் ஆள் பார்க்காமல் மண்ணுக்குள்ளேயே எல்லா வீட்டுக்கும் பங்கு வைத்தது. இப்போது குழாய் உள்ளவனுக்கு மட்டும் என்று ஆனது. அக்காவிடம் இருந்தது ஒரு குடம். மூன்று வாரம் அவள் குளத்துக்கும் தோட்டத்துக்கும் நடந்தாள். பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது.

மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அவள் கிணற்றில் இறங்கினேன். என் கூட்டாளியும், இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவளும் மேலே கயிறு இழுத்தார்கள். இரண்டு தொடி இறக்கியதும் கம்பிப்பாரை கணீர் என்றது. பாறை. குளத்துப் பக்கத்துச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அடுப்பில் இருந்து எடுத்த ஓடு போல் காய்ந்து கிடந்தது. அந்தச் சுவரை நான் அப்படித் தொட்டதே இல்லை.

மேலே ஏறி வந்தேன்.

"எலே, என்னவாக்கும் மூஞ்சி இப்பிடி இருக்கு?" என்றாள் அக்கா.

"பாறையாக்கும் அக்கா."

"வெடி வெச்சுப் பாப்பமா?"

"வெடி வெச்சாலும் வராது. ஊத்து கொளத்துல இருந்தாக்கும் வந்தது. அடியில சிமெண்ட் போட்டு அடச்சாச்சுல்லா."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "இது நீ எப்பம் அறிஞ்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். "அண்ணைக்குக் கூட்டத்துலயே தெரியும்" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"நான் ஏன் கை பொக்கினேன்னு தெரியுமா மக்கா? ஒன்னத் திரும்பிப் பாத்துட்டாக்கும் பொக்கினேன். கெணறு வெட்டுக ஆளு மிண்டாம இருக்கான், அப்பம் கொழப்பம் ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன். நான் மட்டுமா? எங்க வரிசையில உள்ள எல்லாரும் ஒன்னத்தான் பாத்தாளுவ."

மண் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். என்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் நான் எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காருவது. ஒரு வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்து, நான் வாயைத் திறக்காததை என் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

பங்குனியில் கொடி கருகியது. அக்கா அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள்.

அடுத்த கிராமசபை ஒரு சனிக்கிழமை நடந்தது. நான் எழுந்து நின்றேன். "கொளத்துக்கு அடியில உள்ள சிமெண்டப் பொளிக்கணும். இல்லேன்னா கீழ உள்ள கெணத்துல ஊத்து வெள்ளம் வராது" என்று தமிழிலேயே சொன்னேன். கிணற்றுச் சுவரைப் பற்றியும் சொன்னேன்.

மோட்டார் வைத்தவர்களில் ஒருவர், "பொளிக்கதுக்கும் இவனத்தானே கூப்பிடணும். அதுக்காக்கும் இந்தப் பிரசங்கம்" என்றார். சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. கட்டி முடித்த வேலையை உடைப்பதற்கு ஃபண்டு கிடைக்காது என்றார் ஓவர்சீயர். மூப்பர்தான் விடவில்லை. "அவன் கெணத்துக்குள்ள நிண்ணு கண்டதப் பறயுதான். நீங்க போர்டுல கண்டதப் பறயுதிய. கை பொக்கச் சொல்லும்" என்றார்.

பெண்கள் வரிசை திரும்பி என்னைப் பார்த்தது. நான் கையைத் தூக்கினேன். அவர்களும் தூக்கினார்கள். ஆனால் அந்த வரிசையில் பாதி பெஞ்ச் காலியாக இருந்தது. கீழ்ப்பக்கத்துப் பெண்கள் பலரும், கிணறு வற்றிய பிறகு, அக்காவோடு அண்டியாபீசுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை அங்கே லீவு கிடையாது. கை போதவில்லை. தீர்மானம் தோற்றது.

சாயங்காலம் அக்கா வந்து, கொட்டைக் கறை ஏறிய விரல்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீ எழும்பிப் பேசினியா?"

"பேசினேன்."

"கொள்ளாம், நல்ல காரியம்" என்றாள். அடுத்த விரலுக்கு எண்ணெய் எடுத்தாள். "ஞாயிறு மத்தியானம் வெச்சிருந்தா நாங்க எல்லாரும் வந்திருப்போமே. கூட்டத்த ஞாயித்துக்கு மாத்தணும்னு நீ மெம்பர்கிட்ட முன்னாடியே பறயல்லியா?"

அது என் புத்தியில் தோன்றவே இல்லை.

"பறயல்ல" என்றேன்.

1999, சித்திரை மாதம், இரண்டாம் ஞாயிறு.