ஐந்தாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில்

நேற்று மத்தியானம் தேக்கா சந்தையில் மீனும் முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். வாசலில் என் கணவரின் செருப்புக்குப் பக்கத்தில், முன்பின் பார்த்திராத ஒரு ஜோடி கிடந்தது. சாம்பல் நிறம், தடித்த அடிப்பாகம், நாடாவுக்குப் பதிலாக ஒட்டுப்பட்டை. பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்து உள்ளே போயிருப்பார்கள். நான் முதலில் எண்ணுவேன். எத்தனை ஜோடி, எது யாருடையது, எது எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது. இந்தக் கிறுக்கு எனக்கு எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அந்தச் சாம்பல் நிறக் காலணி யாருடையது என்று இப்போதே சொல்வதாக இல்லை. மீன் ஐஸ் போட்ட பையில்தான் இருக்கிறது, கெட்டுப்போகாது.

எங்கள் அடுக்குமாடி புளோக் கேலாங் ஈஸ்ட்டில், சிவன் கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. ஏழாம் மாடி. அப்பா வாங்கிய வீடு. இப்போது மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கிறது. அந்தக் காலத்தில் ஒன்று, ஐந்து, ஒன்பது என்று மூன்றே இடத்தில்தான் நிற்கும். ஏழாம் மாடிக்காரர்கள் ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறலாம், அல்லது ஒன்பது வரை போய் இரண்டு மாடி இறங்கலாம். இதில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. அம்மா ஒன்பதாம் மாடிக் கட்சி. அப்பாவுக்கு அது கௌரவக் குறைச்சல். அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்திலிருந்துதான் ஏறுவார்.

விருந்தாளி கிளம்பினால் வாசலோடு அனுப்பிவிட முடியாது. கூடவே ஐந்தாம் மாடி வரை இறங்கிப் போய், மின்தூக்கியில் ஏற்றிவிட்டு வரவேண்டும். வீட்டுக்குள் சொல்லத் தயங்கியதையெல்லாம் ஜனங்கள் அந்தப் படிக்கட்டில்தான் சொல்வார்கள். என் கல்யாணப் பேச்சே அங்கேதான் முடிவானது என்று பின்னால் தெரியவந்தது.

அந்தப் படிக்கட்டின் அருமையை முதலில் கண்டுபிடித்தவள் ஸ்டெல்லா. என் பள்ளித்தோழி, காத்தோங்கில் வீடு. சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் நிரந்தர வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள், கையில் வாடகைக்கு எடுத்த திரில்லர் கேசட்டோடு. அவளோடு உட்கார்ந்து படம் பார்ப்பது ஒரு தண்டனை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்துவாள், பின்னால் ஓட்டுவாள், மறுபடி போடுவாள். "இங்க பாரு, கதவு கைப்பிடிய எவ்ளோ நேரம் காட்டுறான். ஏன் சொல்லு?" என்பாள். எனக்கு என்ன தெரியும்? கதவு திறந்தால் போதும் என்று இருக்கும்.

"யாரு செஞ்சான்னு கடைசி வரைக்கும் மறைச்சா அது வெறும் மர்மம் லா," என்றாள் ஒரு நாள். "நமக்குத் தெரியுது, ஆனா அவளுக்குத் தெரியல. அவ பாட்டுக்கு நடந்து வர்றா. நம்மால கத்த முடியுமா? முடியாது. அதான் திரில்லர்."

அன்றும் அதை அந்தப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டேதான் சொன்னாள். ஆறாம் மாடித் திருப்பத்தில் சட்டென்று நின்றாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "ஏய், இந்த ரெண்டு மாடி இருக்கே, இதுவே ஒரு படம்," என்றாள். எனக்கு அது காலை வலிக்கவைக்கும் படிக்கட்டு, அவ்வளவுதான்.

நான் அப்போது சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில், தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்கள் எடுத்துக் கொடுக்கும் சின்ன நிறுவனத்தில் இருந்தேன். கீழேயிருந்து மல்லிகை வாசனையும், பக்கத்து மாவு மில்லிலிருந்து மிளகாய் நெடியும் மாறி மாறி வரும். என் வேலைக்குக் கன்டினியூட்டி என்று பெயர். முதல் ஷாட்டில் கதாநாயகி இடது கையில் கைப்பை வைத்திருந்தால் அடுத்த ஷாட்டிலும் இடது கையில்தான் இருக்கவேண்டும். அதைப் பார்த்து நோட்டில் எழுதுவது. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஸ்டெல்லாவின் கதையை எங்கள் முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். நாற்பது நிமிடப் படம். தொலைக்காட்சியில் ஒத்துக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு: இது தேறினால் இன்னும் மூன்று படம் அவளுக்கு. தேறாவிட்டால் இத்தோடு சரி. அவள் அந்த வருடத்து விடுமுறை முழுவதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய அப்பா, "கிடைச்ச வேலைய விட்டுட்டு சினிமாவாம்," என்று அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். போதாக்குறைக்கு, எங்கள் புளோக்கில் மின்தூக்கியை எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்றப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை வேலை தொடக்கம். அதற்குள் எடுத்தாகவேண்டும்.

கதை இதுதான். ஓர் ஆசிரியை. ஒரு குற்றத்தைப் பார்த்துவிட்டுச் சாட்சி சொல்லப்போகிறவள். அவளைத் தேடி அதைச் செய்த ஆள் வீட்டுக்கே வந்துவிடுகிறான், காப்புறுதி முகவர், அதாவது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு. அம்மா நம்பி உட்காரவைத்துத் தேநீர் போடுகிறாள். பகல் மூன்று மணி. ஆசிரியை காய்கறிப் பையோடு ஐந்தாம் மாடியில் இறங்கி ஏறி வருகிறாள். வாசலில் இரண்டு ஜோடி: அம்மாவின் செருப்பு, அவனுடைய பழுப்பு நிறத் தோல் காலணி. அந்தக் காலணியைப் படத்தின் தொடக்கத்தில், அவள் குற்றத்தைப் பார்க்கும்போதே, நமக்கும் காட்டிவிடுவார்கள். அவள் ஏறி முடிப்பதற்குள் நாம் அதைப் பார்த்துவிடுவோம்.

கேமராமேன் சிரித்தார். "கொல்ல வர்றவன் ஷூவக் கழட்டிட்டா வருவான்?"

"நம்ம வீட்டுக்குள்ள யாருண்ணே ஷூவோட வருவா? எந்த அம்மா விடுவாங்க?" என்றாள் ஸ்டெல்லா.

படப்பிடிப்பு எங்கள் வீட்டிலேயே. பன்னிரண்டு பேர். எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டால் ஷாட் என்னாவது? ஆகவே நான் ஒரு சட்டம் போட்டேன்: அத்தனை பேரும் பக்கத்து வீட்டு மிஸஸ் லிம் வாசலில்தான் கழற்றவேண்டும். யாராவது மறந்தால் ஹெட்மாஸ்டர் மாதிரி நின்று திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டுதான் "ரோல்" சொல்வாள். வாசல் ஷாட் எடுத்து முடிந்ததும் நோட்டில் எழுதினேன்: ஷாட் நாற்பத்தொன்று, வாசலில் இரண்டு ஜோடி, சரி.

திங்கட்கிழமை மின்தூக்கியை மூடினார்கள். ஒவ்வொரு மாடியிலும் பலகை அடித்து, சாரம் கட்டி, தாழ்வாரம் அடையாளம் தெரியாமல் போனது.

புதன்கிழமை எடிட்டிங் அறையில் எடிட்டர் ஆரோக்கியம் ஷாட் நாற்பத்தொன்றை நிறுத்தினார். "இந்த நீலச் செருப்பு யாரோடதும்மா?"

அம்மாவின் செருப்பு, பழுப்புக் காலணி, இரண்டுக்கும் நட்டநடுவில் ஒரு நீல ரப்பர் செருப்பு. என்னுடையது. ஊரையெல்லாம் மிஸஸ் லிம் வாசலுக்கு விரட்டிய நான், என் வீடுதானே என்று கால் பழக்கத்தில் என் வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறேன். தினமும் அங்கே கிடப்பதால் என் கண்ணுக்கு அது ஒரு பொருளாகவே படவில்லை. அன்றைக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. செருப்பும் தயாராகத்தான் இருந்தது.

அழுதுகொண்டே கீழே காப்பிக்கடைக்கு ஓடினேன். ஸ்டெல்லா பின்னாலேயே வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒளிபரப்புக்கு எட்டு நாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ உயரத் தூக்கி ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று வாங்கி, நுரை அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் செருப்பு என்ன சைஸ்?" என்றாள் கடைசியில்.

"ஆறு. ஏன்?"

"தங்கச்சியா நடிச்ச பொண்ணுக்குப் பத்தும் லா."

கதையில் ஆசிரியைக்கு ஒரு தங்கை உண்டு. காலையில் கல்லூரிக்குப் போவதோடு அவள் வேலை முடிந்தது. சும்மா ஒரு காட்சிக்கு வருகிறவள். ஸ்டெல்லா புதிதாக மூன்றே ஷாட் எடுத்தாள். ஒன்று, தங்கை என் நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகும் கால்கள் மட்டும். காத்தோங்கில் ஸ்டெல்லா வீட்டுத் தாழ்வாரத்தில் எடுத்தது. இன்னொன்று, சாத்தியிருக்கும் ஒரு படுக்கையறைக் கதவு. மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன். கூடவே தங்கைக்கு ஒரு வரி வசனத்தைப் பின்னணியில் சேர்த்தாள்: "அவன நானும்தான்க்கா பாத்தேன்." அவ்வளவுதான்.

இப்போது பாருங்கள். காலையில் வெளியே போன நீலச் செருப்பு மூன்று மணிக்கு வாசலில் கிடக்கிறது. அப்படியென்றால் தங்கை திரும்பி வந்துவிட்டாள், உள்ளே இருக்கிறாள். அம்மாவுக்கு அவன் யாரென்று தெரியாது. தங்கைக்கு முகம் தெரியும். அந்த அறைக் கதவைத் திறந்துகொண்டு அவள் கூடத்துக்கு வந்தால் எல்லாம் முடிந்தது. அவனோ நிதானமாகத் தேநீரை ஊதிக் குடிக்கிறான். கதவு. தேநீர். படிக்கட்டில் அக்கா. மறுபடி கதவு. ஸ்டெல்லா அதை மாற்றி மாற்றி வெட்டச் சொன்னாள், ஆரோக்கியம் அண்ணன் வெட்டினார்.

ஒலியிலும் ஒரு வேலை செய்தாள். எல்லோரும் பயத்துக்கு இசையைச் சேர்ப்பார்கள். இவள் கழித்தாள். ஐந்தாம் மாடியில் எங்கள் புளோக்கின் அத்தனை சத்தமும் இருக்கும்: கீழ்மாடி வீட்டு மாஜோங் ஆட்டக் காய்கள், யாரோ வீட்டுக் குக்கர் விசில், கீழே பந்தடிக்கும் பிள்ளைகள், வானொலி. அக்கா படியேற ஏற ஒவ்வொன்றாக நின்றுபோகும். ஆறாம் மாடித் திருப்பத்தில் குக்கர் இல்லை. பாதிப் படியில் பிள்ளைகள் இல்லை. ஏழாம் மாடியில் அவள் கையிலிருக்கும் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு மட்டும். முதல்முறை அதைக் கேட்டபோது எடிட்டிங் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அது நான் பிறந்து வளர்ந்த படிக்கட்டு. அதில் ஒரு நாளும் நான் பயந்ததில்லை.

ஒளிபரப்பான சாயங்காலம் எங்கள் கூடத்தில் உட்கார இடமில்லை. மிஸஸ் லிம் கூடத் தமிழ் புரியாவிட்டாலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. சுவரோரமாக நின்று எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாட் நாற்பத்தொன்று வந்தது. என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஐயோ, பிள்ள உள்ள இருக்கே!" என்றார்.

அந்தச் செருப்பைத் தினமும் காலையில் ஒதுக்கிவைத்து வாசல் பெருக்குகிறவர் அவர். போன தீபாவளிக்குத் தேக்காவில் பேரம் பேசி எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அது தன் மகளின் செருப்பு என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை விட்டுவிட்டு, இல்லாத ஒரு பெண்ணுக்காக நடுங்கினார். நான் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். பள்ளியில் என் ரப்பரைத் திருடியவள்தானா இவள் என்று பிரமிப்பாக இருந்தது. அந்தப் பிரமிப்பு இன்றுவரை எனக்குத் தீரவில்லை. படத்தில், வாசலைப் பார்த்ததுமே ஆசிரியைக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் உள்ளே போய், சிரித்துப் பேசி, அவனை வெளியே அழைத்துச்சென்று மாட்டிவைக்கிறாள். அந்த அறைக் கதவு அதுவரை திறக்கவே இல்லை. எல்லாம் முடிந்தபின், அந்த மூன்றாவது ஷாட்டில், திறந்து பார்த்தால் தங்கை குறட்டைவிட்டுத் தூங்குகிறாள். கூடமே சிரித்தது. அம்மா மட்டும் கொஞ்சம் அழுதார்.

மூன்று படங்களும் அவளுக்குக் கிடைத்தன. அவளுடைய அப்பாவும் மறுபடி பேசினார். சில வருடங்களில் தொலைக்காட்சியில் இந்த மாதிரிப் படங்கள் போடும் நேரத்தையே நிறுத்திவிட்டார்கள். ஸ்டெல்லா மறுபடி சாங்கிக்கே போய், ஓய்வு பெறும்வரை பெட்டிகளை எண்ணினாள்.

சரி, மீனுக்கு வருவோம். கதவைத் திறந்தேன். கூடத்தில் ஸ்டெல்லா, என் கணவர் போட்டுக் கொடுத்த காப்பியோடு.

"என்னடி இது, இந்த மாதிரி செருப்பு?" என்றேன்.

"முட்டி போச்சு, டாக்டர் போடச் சொன்னாரு. வாசல்ல ரொம்ப நேரம் நின்னியே. எண்ணினியா?"

நான் மீனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் அந்தப் படத்தின் பிரதியைக் கேட்டுத் தொலைக்காட்சி நிலையத்துக்கு எழுதிப்போட்டிருந்தாளாம். பதில் வந்துவிட்டது. "டேப் பத்தாம அது மேலயே வேற எதையோ ரெக்கார்ட் பண்ணிட்டாங்களாம். நாலுமே இல்ல லா," என்றாள். குரலில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு அவளே கேட்டாள். "உன் நோட்டு இருக்கா?"

இருந்தது. அலமாரியின் அடித்தட்டில். ஒரு மணி நேரம் ஒவ்வொரு ஷாட்டாக வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நாற்பத்தொன்று வந்ததும், "வாசலில் இரண்டு ஜோடி, சரி" என்று வாசித்தேன்.

"திருத்தவே இல்லையா நீ?" என்று சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது வழக்கப்படி நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தது தெரிந்தது. பொத்தானை அமுக்கினேன். மின்தூக்கி எங்கள் மாடியிலேயே நின்றிருந்தது போலிருக்கிறது. உடனே கதவு திறந்தது. அவள் ஏறினாள். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்," என்றாள். கதவு மூடிக்கொண்டது. எண்கள் ஆறு, ஐந்து, நான்கு என்று எங்கும் நிற்காமல் இறங்கின.

பழைய மின்தூக்கியாக இருந்தால், ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் சொல்லியிருப்பாள்.