அவருக்காகப் பிடித்த சுருட்டு

நான் முதன்முதலாகச் சுருட்டு பிடித்தபோது எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. சாரம் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் வெளித்தளத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்தது. எதிரில் சக்கர நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அவரால் பேச முடியாது. எப்படி வெட்ட வேண்டும், எப்படிப் பற்றவைக்க வேண்டும் என்று இடது கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் கடற்கரையை ஒட்டிய பழைய தெருக்களில் ஒன்றில், ஒரு பெரிய ஹோட்டலில் வேலை பார்த்தவர். தவளக்குப்பத்துக்காரர். மில் வேலையை இழந்த ஒருவரின் மகன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அங்கே அறை துடைக்கப் போனவர், வருஷக்கணக்கில் இருந்து பாருக்குப் பொறுப்பாளராக உயர்ந்தார். பாரில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய வெளிநாட்டுச் சுருட்டுகள். அதன் சாவி இவர் இடுப்பில்தான் இருக்கும். எந்த விருந்தாளிக்கு எது பிடிக்கும் என்று ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று அங்கே பெயர். பிரெஞ்சில் கொஞ்சம், ஆங்கிலத்தில் கொஞ்சம், மீதியைச் சிரிப்பில் சமாளிப்பார்.

வீட்டுக்கு வந்தால் சாப்பிடும்போது அதே பேச்சு. எனக்குச் சுருட்டில் எந்த அக்கறையும் கிடையாது. உழவர்கரையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விடைத்தாள் திருத்திக்கொண்டே காதில் வாங்குவேன். அப்படிக் காதில் விழுந்ததுதான் மதுரோ என்கிற சுருட்டு வகை. அது ஸ்பானிய வார்த்தையாம், பழுத்தது என்று அர்த்தமாம். மேலே சுற்றுகிற இலையை மற்ற இலைகளைவிட நெடுநாள் புழுங்கவைத்துக் கறுக்க விடுவார்களாம்.

"கறுப்பா இருக்குதுன்னு பாத்துட்டு, தலைய சுத்தும்னு பயப்படறாங்கம்மா. நாக்குல வச்சா அதான் இனிப்பு," என்பார்.

"இனிச்சா இன்னா, கசந்தா இன்னா. காயப்போட்ட துணியெல்லாம் நாறுது. அந்த மூலைக்குப் போயி ஊதுங்க."

அவர் பிடிப்பது எப்போதாவதுதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியை வெளித்தளத்துக்கு இழுத்துப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். "ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாரேன்" என்று கேட்பார். நான் துணியை உதறிக்கொண்டே சிரிப்பேன். அவரும் சிரிப்பார். அதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற தமிழர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா, ஒவ்வொரு குளிர்காலத்திலும் பிரான்சிலிருந்து வந்து அந்த ஹோட்டலில் தங்குவார். கடைசியாக வந்தபோது, இனி வர உடம்பு இடம் கொடுக்காது என்று சொல்லி, ஒரு பெட்டி மதுரோவை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தேவதாரு மரப்பெட்டி. இவர் அதைப் பீரோவின் மேல் தட்டில், ஈரம் காக்கிற சின்னப் பொட்டலத்தோடு வைத்திருந்தார். எங்கள் ஊர்க் காற்றுக்கு மழைக்காலத்தில் பூசணம் பூத்துவிடும், சித்திரையில் இலை வெடித்துவிடும் என்று மாதம் ஒருமுறை திறந்து, ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பார்ப்பார். மகளுக்குக் குழந்தை பிறந்தால் ஒன்று, ரிட்டையர் ஆனால் ஒன்று என்று மனசில் ஏதோ திட்டம் இருந்தது.

ஒரு நாள் காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடியைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். பாதி முகத்தில் நுரை. "இன்னாங்க?" என்றேன். திரும்பினார். வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கையிலிருந்த ரேசர் நழுவி வாஷ்பேசினில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை, வலது கால் இரண்டும் போயிருந்தன. முதலில் மூக்கில் குழாய். பிறகு, கெட்டியாகக் கரைத்த கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக விழுங்கப் பழக்கினோம். தண்ணீர்கூட அப்படியே கொடுக்கக்கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும் என்றார்கள். பேச்சு முழுக்கப் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ மிஞ்சியது. "அப்புறம்." பசித்தாலும் அப்புறம். வலித்தாலும் அப்புறம். என்னைக் கூப்பிடுவதும் அப்புறம். தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்பது அவர் காதுக்கே தெரியும். சொன்னவுடன் உதட்டைக் கடித்துக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். மாடு, வீடு, குடை என்று படம் போட்ட அட்டைகளை எடுத்து அவர் முன்னால் வைப்பாள். பார் நிறைய ஆட்களைப் பேசியே சிரிக்கவைத்த மனிதர், குடையைப் பார்த்துவிட்டு "அப்புறம்" என்றார். அன்றோடு அட்டைகளைப் பார்க்க மறுத்துவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கஞ்சிக்கு வாயைத் திறப்பதுகூட எனக்காகத்தான் என்பதுபோல் இருக்கும். நான் வேலையை விட்டிருந்தேன். காலையில் எழுந்ததும் இன்றைக்கு ஏன் எழுந்தோம் என்று தோன்றும். இரண்டு பேருக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும்.

"ஆன்ட்டி, அவருக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் ஏதாவது இருக்கா? அதப் பத்திப் பேச்சுக் குடுங்க," என்றாள் அந்தப் பெண்.

பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தேன். திறந்ததும் முகத்தை உள்ளே கவிழ்த்துக்கொண்டார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது மூக்கெல்லாம் ஈரம். ஒன்றை இடது கையால் எடுத்து, காதருகே வைத்து விரலால் உருட்டிக் கேட்டார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"நானா?"

"அப்புறம்." ஆமாம் என்கிற தலையாட்டல்.

அவரால் பிடிக்க முடியாது என்பது அவருக்கே தெரியும். கஞ்சியே புரையேறுகிற தொண்டை. அதனால்தான் அந்த ஞாயிறு நான் பிடித்தேன். புகை அவர் மேல் படாத பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தேன். தலைப்பக்கத்தை வெட்டப் போனால் கையை ஆட்டித் தடுத்தார். கத்தியை ரொம்ப ஆழமாக வைத்துவிட்டேனாம். மேலோட்டமாக, நகம் வெட்டுகிற மாதிரி வெட்டிய பிறகுதான் விட்டார். பற்றவைக்கும் முன் வெறுமனே இழுக்கச் சைகை காட்டினார். உலர்ந்த திராட்சை மாதிரி ஏதோ வந்தது. சொன்னேன். கண் விரிந்தது. தீக்குச்சியைக் கிழித்து நுனியில் வைத்தால் மறுபடி கோபம். தீ இலையைத் தொடக்கூடாது, கீழே சற்றுத் தள்ளிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும், அப்பளம் சுடுவதுபோல. நாலு குச்சி வீணானது.

முதல் புகையை விழுங்கிவிட்டேன். இருமி, கண்ணில் தண்ணீர் கொட்டி, தலை கிறுகிறுத்தது. அவர் வாயைச் சுட்டிக் காட்டி, கன்னத்தை உப்பிக் காட்டினார். வாயிலேயே வைத்திருந்து வெளியே விட வேண்டும்.

"மொளவு. மொளவு மாதிரி சுருக்குங்குது."

தலையாட்டினார்.

"இப்ப கசக்குது. காப்பித்தூள வெறும் வாயில போட்ட மாதிரி."

"அப்புறம்?"

அந்தச் சொல்லை அத்தனை மாதமாகக் கேட்டிருந்தேன். அன்றைக்குத்தான் அது கேள்வியாக வந்தது. உண்மையாகவே, அதற்குமேல் என்ன என்று கேட்டார்.

அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. பாதியில் வைத்துவிட்டுப் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் பழைய சிரிப்பு, ஒரு பக்கம் மட்டும்.

அதன் பிறகு சில ஞாயிறுகள் நாங்கள் அதற்காகவே இருந்தோம். ஒரு சுருட்டை இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அணைத்ததை மறுபடி கொளுத்தினால் சாக்கடை நாற்றம். அவர் அப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் ஒவ்வொன்றையும் முழுதாகவே பிடித்தேன். அவசரப்பட்டு இழுத்தால் சூடேறிக் கசப்பு முற்றும். விட்டு விட்டு, மறந்துபோன மாதிரி இருந்து இழுத்தால் இனிப்பு மேலே வரும். கொஞ்சம் புகையை மூக்கு வழியாக விட்டால், நாக்குக்குத் தெரியாத இன்னொரு வாசனை தெரியும். சாம்பலைத் தட்டக்கூடாது, வெள்ளையாக விரல் நீளத்துக்கு நிற்கும், தானே விழும். முதல் பகுதியில் மிளகு. நடுவில் அது அடங்கி, காப்பியும் வேறொரு இனிப்பும். கடைசிக்கு வரும்போது தோல் செருப்புக் கடை மாதிரி ஒரு வாசனை. அந்த நடு இனிப்பு என்ன என்பதில்தான் எங்கள் தகராறு.

"வெல்லமா?"

இல்லை.

"பேரீச்சம்பழமா?"

கையை இப்படி அப்படி ஆட்டினார். பக்கத்தில் வந்துவிட்டேன், ஆனால் அது இல்லை.

ஒரு முறை சென்னையிலிருந்து மகள் சொல்லாமல் வந்துவிட்டாள். படியேறி வந்தவள் என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"அம்மா! இன்னா வேல இது?"

"அப்பாவுக்குத்தாண்டி."

"அப்பாவுக்குன்னா நீ ஏன் ஊதற? ஏற்கனவே ஒருத்தர் படுத்திருக்காரு, நீயும் படுத்துக்கப் போறியா? அந்தப் பொக அவருக்கு ஆவுமா?"

"காத்து தெக்கால போவுது. அவரு கிட்ட வர்ல."

"கீழ் வீட்டுல இன்னா நெனப்பாங்க? மொதல்ல அத அணை."

"அப்புறம்!" என்று கத்தினார் அவர். நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி அடித்தார். மறுபடி, "அப்புறம்! அப்புறம்!"

மகள் கைப்பையைக் கீழே வைத்தாள். "அப்பாக்கு இவ்ளோ சத்தம் வருதா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். அன்று மாலை கிளம்பும்போது, "எவ்ளோ மிச்சம் இருக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே இன்னொரு தாக்கு. சின்னதுதான் என்றார்கள். திரும்பக் கொண்டுவந்தபோது கண் திறந்திருந்தது, ஆனால் எதன் மேலும் நிற்கவில்லை. அந்த ஒரு சொல்லும் போய்விட்டிருந்தது. டாக்டர் என் கையில் மாத்திரைச் சீட்டைக் கொடுத்துவிட்டு, "இனிமே பெருசா எதிர்பாக்காதீங்கம்மா. வலியில்லாம பாத்துக்குங்க," என்றார். பேச்சுப் பயிற்சிப் பெண் ஒரு முறை வந்து பார்த்தாள். மறுபடி வர வேண்டுமா என்று அவளும் கேட்கவில்லை, வரச் சொல்லி நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டு அவரை நாற்காலிக்கு மாற்றி வெளியே கொண்டுவந்தேன். பெட்டியைத் திறந்து மூக்கருகே வைத்தேன். மூச்சு வந்து போனது, அவ்வளவுதான். பரவாயில்லை, பற்றவைத்தால் தெரியும் என்று நினைத்தேன். சரியாக வெட்டினேன். ஒரே குச்சியில் நுனி முழுக்கச் சீராகக் கனன்றது. அவர் பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க முடியாது.

பாதி கடந்தபோது அந்த இனிப்பு வந்தது. எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. தீபாவளிக்கு அதிரசப் பாகு காய்ச்சி இறக்கிய பிறகு, பாத்திரத்தின் அடியில் கருகி ஒட்டியிருக்குமே, கரண்டியால் சுரண்டித் தின்போமே, அது. வெல்லம்தான், ஆனால் வெல்லமாக இருப்பதைத் தாண்டிப்போன வெல்லம். இனிப்பும் கசப்பும் பிரிக்க முடியாமல் பற்களில் ஒட்டுகிற அது.

"ஏங்க! அதிரசப் பாகுங்க! அடியில புடிச்சுக்கினு இருக்குமே, அந்தக் கருகல்! அதான? அதான சொல்ல வந்தீங்க?"

எழுந்துபோய் அவர் முன்னால் மண்டியிட்டுச் சொன்னேன். இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் என் தலைக்கு மேலே எதையோ, எதுவுமே இல்லாத இடத்தை, பார்த்துக்கொண்டிருந்தார். எச்சில் வழிந்தது. துடைத்தேன். கீழே தெருவில் தண்ணீர் கேன் வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். தரையில் வைத்துவிட்டு வந்த சுருட்டு தானாக அணைந்தது.

அது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் சொல்லுக்குப் பொருள் எழுதிப்போட்டவள் நான். ஒரு சொல் கிடைத்து, அதைச் சரி என்று சொல்ல ஆளில்லாமல் போவது எப்படி இருக்கும் என்று அதற்குமுன் தெரியாது.

பெட்டியில் மூன்று மிச்சம் இருந்தன. இரண்டில் பூசணம் பூத்திருந்தது. விரலால் அமுக்கிப் பார்க்க ஆளில்லை, எனக்கும் அது நினைவில் இல்லை. அவற்றைக் குப்பையில் போட்டேன். நன்றாக இருந்த ஒன்றைச் சென்ற வாரம், ஞாயிறுகூட இல்லை, வெறும் புதன்கிழமை, நான் மட்டும் வெளியே உட்கார்ந்து பிடித்தேன். அவர் உள்ளே படுத்திருந்தார்.

நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் நன்றாக இருந்தது. மிளகு அடங்கியது, பாகு வந்தது, எல்லாம் அதன் அதன் வரிசையில் வந்தது. ஒவ்வொன்றும் வர வர வாய் தானாகச் சொல்லத் திறந்தது. முடிவதற்குள் நான் அழுது முடித்திருந்தேன்.

மகள் போன் செய்தாள். "தீந்துடுச்சா? இங்க ஒரு கடையில கெடைக்குதும்மா. வாங்கி அனுப்பட்டா?"

"வேணாம்."

"ஒனக்காவது இருக்கட்டுமே."

"எனக்கு இன்னாத்துக்கு?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உள்ளே போனேன். புண் விழாமல் இருக்க அவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். அதற்குமுன் முகத்தருகே குனிந்து மெல்ல மூச்சு விட்டேன். என் வாயிலும் தலைமுடியிலும் புகை வாசனை அப்படியே இருந்தது. அவர் இமைக்கவில்லை. தோளுக்குக் கீழே கையைக் கொடுத்து இடப்பக்கமாகப் புரட்டினேன். முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டு, கஞ்சி கரைக்கப் போனேன்.