உடற்பயிற்சிக் கூடத்தின் இரண்டு கதவுகள்

இந்த ஜெர்மனியில் ஓய்வுக்கும் அட்டவணை போடுவார்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசைத்தால் மாத்திரையோடு போகும், இல்லையென்றால் ஊசிதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நாற்பத்தெட்டு வயதில் நானும் என் மனைவி முத்துலட்சுமியும் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தோம். பயிற்சியாளர் அன்யா எழுதித் தந்த தாளில் செவ்வாய்க்குப் பயிற்சி, புதனுக்கு 'ரூஹெடாக்'. ஓய்வு நாள் என்று பொருள். எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. தாயில்பட்டிப் பக்கம் வார நடுவில் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு என்றால் மழையாக இருக்கும். வானம் வெளுத்திருந்தால், எங்கோ வெடித்திருக்கிறது. முத்துலட்சுமி தாளை மடித்துக்கொண்டே, "புதங்கிழமையும் சும்மா நடப்போமே, என்னங்க?" என்றாள். அவளுக்கும் அதே நினைப்புதான்.

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் நாங்கள் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். செருப்பைக் கழற்றி, வாசலில் பதித்த செப்புத் தகட்டை மிதித்த பிறகுதான் வெடிமருந்து அறைக்குள் கால் வைக்கலாம். உடம்பில் இருக்கும் மின்சாரம் தரையில் இறங்கிவிட வேண்டும். அறைக்கு நான்கு பேர், எதிரெதிரே கதவுகள். முதல் நாளே போர்மேன் சொன்னார்: "ஏலே, சத்தம் கேட்டா பக்கத்துக் கதவுல ஓடிரு. யாரு எங்கனன்னு திரும்பிப் பாக்காத. பாக்க நின்னவன் எவனும் வீடு போய்ச் சேரல." ஒரு தீபாவளி சீசனில் பக்கத்துக் கம்பெனி வெடித்தபோது அப்படித்தான் ஓடினேன். கருவேலங்காட்டில் போய் நின்ற பிறகுதான் பாதத்தில் முள் ஏறியிருப்பது தெரிந்தது.

இங்கே எல்லோரும் ஷூவோடு குதிக்க, நாங்கள் மட்டும் வெறுங்காலோடு பாயில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தோம். மூன்றாவது வாரம், பின்னால் ஒருவர் எடை மாட்டிய இரும்புத் தண்டைத் தொப்பென்று கீழே போட்டார். தரை அதிர்ந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, பனி விழுந்த கார் நிறுத்தத்தில் நான் நிற்பது. கெண்டைக்கால் சதை கிழிந்து உயிர் போகும் வலி. வலிக்குப் பிறகுதான் முத்துலட்சுமி ஞாபகம் வந்தாள். நொண்டிக்கொண்டு உள்ளே போனால் அவளைக் காணோம். அபாயக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் பின்பக்கம் ஓடியிருந்தாள். அலாரம் அலறியது. மற்றவர்கள் யாரும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"உங்கள் ஊரில் போரா?" என்று அன்யா மெதுவாகக் கேட்டாள். இல்லை, பட்டாசுத் தொழிற்சாலை என்றேன். "ஓ, எவ்வளவு அழகு!" என்று சிரித்தாள்.

வீடு வரும்வரை ஒரே கேள்விதான் எனக்குள் ஓடியது. இருபத்தோரு வருடம் கூட வாழ்ந்தவளை அரை நொடியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். இப்படிப்பட்டவனா நான்? அவளும் ஓடினாள்தான், அது எனக்கு ஆறுதலாகவே இல்லை.

ஆஸ்பத்திரியில், குதிகாலைத் தூக்கி இறக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் காலைச் சும்மா வை என்றார்கள். எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஓய்வு நாளிலும் திருட்டுத்தனமாகச் செய்தேன், கால் பூசணிக்காயாக வீங்கியது. அதற்குப் பிறகுதான் ரூஹெடாக்குக்கு அடங்கினேன். கிழிந்த சதை கூடிய பின்னும் கூடத்துக்குப் போக மனம் வரவில்லை.

"ஊசியப் போட்டுக்கிட்டு மூலையில உக்காந்துருவீகளோ? வாங்க," என்று முத்துலட்சுமிதான் கிளப்பினாள்.

அடுத்த முறை திரும்பிப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அது போன வாரம் வந்தது. இரும்பு விழுந்தது. கால்கள் என்னைக் கேட்காமல் வாசலுக்கு ஓடின. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துத் திரும்பினேன். அந்தக் கோடியில், அபாயக் கதவைத் திறந்து பிடித்தபடி முத்துலட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலாரத்தையும் மீறிக் கத்தினாள்: "ஏன் நின்னீக? ஓடிருக்கணும்ல!"

"நீ ஏன் புள்ள நின்ன?"

நடுவில் ஜெர்மானியர்கள் தங்கள் பாட்டுக்கு எடை தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தக் கதவில், நான் இந்தக் கதவில். இருவருக்கும் ஒரு கால் வெளியே பனியில், ஒரு கால் உள்ளே.